அரமேயத்தில் ‘நீ’: தமிழர் சறுக்கும் இடங்கள்

தமிழில் ‘நீ’ ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ‘நீங்கள்’ பலரையும் குறிக்கும், மதிப்புக்குரிய ஒருவரையும் குறிக்கும். எபிரேயத்துக்கு உறவான மேற்காசிய மொழிகளாகிய அரமேய மொழிகளைக் கற்கத் தொடங்கும் நம்மவர் முன்னிலையில் செய்யும் பிழைகள் பெரும்பாலும் இந்தப் பழக்கத்திலிருந்தே பிறக்கின்றன.

முதலாவது, பன்மையை மரியாதை என்று கொள்வது. விவிலியத்தின் தானியேல் நூலில், அரமேயத்தில் அமைந்த 2ஆம் அதிகாரப் பகுதியில், பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரை நோக்கித் தானியேல் சொல்வது ‘அன்த்’ என்னும் ஒருமையே. அதே அரசன் தன் அவை அறிஞர்களாகிய கல்தேயரை ‘அன்தூன்’ என்று பன்மையில் விளிப்பதற்கு அவர்கள் பலர் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. தமிழ் விவிலியம் அரசனுக்கு ‘நீர்’ என்று எழுதுவது தமிழின் தேவை. அதை மூலத்தில் தேடக் கூடாது.

அடுத்தது, எழுதியபடியே ஒலிப்பது. அரமேயத்தின் ஒரு வகையும் கிறித்தவ வழிபாட்டு மொழியுமான சுரியானியில் ஆண்பால் ‘நீ’யில் நகர எழுத்து உண்டு; பெண்பாலில் அதனுடன் இறுதியில் ‘யோத்’ எழுத்தும் சேரும். ஆனால் இரண்டையும் ‘அத்’ என்றே படிக்க வேண்டும். பெண்பாலை ‘அன்தி’ என்று வாசிப்பது பிழை. பன்மை ‘அத்தோன்’ என்பது கிழக்கு மரபு, ‘அத்தூன்’ என்பது மேற்கு மரபு. கேரளத்துச் சுரியானி வழிபாட்டில் இரு மரபுகளும் உள்ளதால், ஒன்றைக் கேட்டு மற்றதைத் தவறென்று சொல்லிவிட வேண்டாம். மாற்கு 5:41இல் நமக்குப் பழகிய ‘தலீத்தாகூமி’ (‘சிறுமியே, எழுந்திரு’) சில கிரேக்கப் பிரதிகளில் ‘கூம்’ என்றே முடிவதும் பேச்சில் இப்படித் தேய்ந்த பெண்பால் ஈற்றின் தடம் என்று விளக்குவர்.

வினையிலேயே முன்னிலை அடங்கியிருக்கும்போது தனிப் பெயரைத் தேடுவதும் வீண். சிலுவையில் இயேசு சொன்ன ‘சபக்தானி’யில் (‘என்னைக் கைவிட்டாய்’) ‘த்’ என்பதே ‘நீ’. ‘வந்தாய்’ என்பதில் ‘ஆய்’ நிற்பது போலத்தான். தமிழர் இதை எளிதில் பிடித்துக்கொள்ள வேண்டும், ஆனாலும் ஏனோ தடுமாறுகிறோம்.

மிகவும் ஏமாற்றுவது உடைமை விகுதி. செவ்வியல் சுரியானியில் ‘உன் புத்தகம்’ என்று ஆணிடம் சொல்ல ‘-ஆக்’, பெண்ணிடம் சொல்ல ‘-எக்’ என்று முடிப்பர். இன்றைய அசிரியரின் சுரெத் மொழியிலோ ஆணுக்கு ‘-உக்’, பெண்ணுக்கு ‘-அக்’. ஆகவே பழைய நூலில் ஆண்பாலாகப் படித்த ஈற்றை அப்படியே கொண்டுபோய்ச் சுரெத் பேசும் ஒருவரிடம் பயன்படுத்தினால், அவரைப் பெண்ணாக விளித்ததாகவே அவர் காதில் விழும்.