சூறாவளி நிவாரணப் பணம் எங்கே நிற்கிறது? அமெரிக்க நடைமுறையைப் பின்தொடரும் வழி

அமெரிக்காவில் சூறாவளி அடித்து ஓய்ந்ததும் பெரிய தொகை ஒன்று தலைப்புச் செய்தியாகிவிடும். அந்தப் பணம் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அதிபர் அறிவித்தது, காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) ஒதுக்கியது, துறை கையெழுத்திட்டுப் பொறுப்பேற்றது, மக்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது எல்லாம் வெவ்வேறு எண்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக மாதங்கள் ஆகும், சில சமயம் ஆண்டுகளே ஆகும். நிவாரண அரசியலில் பெரும்பகுதி இந்த இடைவெளிகளில்தான் நடக்கிறது. அங்குள்ள ஆவணங்கள் பில்லியனில் பேசும். ஒரு பில்லியன் நமக்கு 100 கோடி.

அறிவிப்பில் பார்க்க வேண்டியவை

எல்லாம் 1988ஆம் ஆண்டின் ஸ்டாஃபோர்டு சட்டத்திலிருந்து தொடங்குகிறது. மாநில ஆளுநர் கேட்க வேண்டும், அதிபர் முடிவு செய்ய வேண்டும். (அங்கே ஆளுநர் தேர்தலில் வென்று வருபவர், நம் முதல்வரின் இடம் அது.) பேரிடர் நடந்த 30 நாட்களுக்குள் கோரிக்கை போக வேண்டும். மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டுக்கும் 30 நாள்தான். ஃபெமா என்ற மத்திய பேரிடர் மேலாண்மை அமைப்பு பரிந்துரை மட்டுமே செய்யும்.

'அவசரநிலை' என்றும் 'பெரும் பேரிடர்' என்றும் அறிவிப்பு இரண்டு வகை. அவசரநிலைக்குத் தொடக்க வரம்பு 50 லட்சம் டாலர். அதைத் தாண்டினால் காங்கிரசுக்குத் தெரிவிக்க வேண்டும். வீடு கட்டும் பணமும் பள்ளி கட்டும் பணமும் பெரும் பேரிடர் அறிவிப்பில்தான் வரும். அதில் எந்தெந்தக் கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்றவை) இடம்பெற்றிருக்கின்றன, தனிநபர் உதவி உண்டா அல்லது சாலை, பள்ளி போன்ற பொதுச் சொத்துக்கு மட்டுமா, செலவில் ஃபெடரல் (மத்திய) அரசின் பங்கு எத்தனை சதவீதம் என்று பாருங்கள்.

பொதுச் சொத்துக்குத் தரும் 'பொது உதவி'யில் ஃபெடரல் பங்கு குறைந்தது 75 சதவீதம். அதை 90 அல்லது 100 ஆக்கச் சொல்லித்தான் ஆளுநர்கள் மன்றாடுகிறார்கள். 2024இல் வந்த ஹெலீன் புயலுக்குப் பின் வட கரோலினாவுக்கு 180 நாட்களுக்கு 100 சதவீதம் கிடைத்தது. குப்பை அகற்றும் செலவுக்கு அதை நீட்டிக்கக் கேட்ட கோரிக்கை 2025இல் மறுக்கப்பட்டது. ஆகவே சதவீதத்தோடு அது முடியும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பொது உதவி பெரும்பாலும் செலவழித்த பிறகு திரும்பக் கிடைக்கும் பணம் என்பதையும் மறக்கக் கூடாது. கையில் காசில்லாத சிற்றூர் முதல் பில்லுக்கே கடன் வாங்க வேண்டும்.

சேதம் போதுமானதா என்று அளக்க ஃபெமா தலா கணக்கு ஒன்று வைத்திருக்கிறது. 2024 நிதியாண்டில் அது மாநில மக்கள்தொகைக்கு ஆளுக்கு 1.84 டாலர். ஒரு கோடியே நான்கு லட்சம் பேர் வாழும் வட கரோலினாவுக்கு ஏறத்தாழ 1.9 கோடி டாலர் பொதுச் சேதம் என்று வரும். ஆனால் இது அதிபரைக் கட்டுப்படுத்தாது. எண்ணைத் தாண்டியும் மறுப்பு வரலாம், தாண்டாமலும் ஒப்புதல் வரலாம்.

வாக்கெடுப்பைப் படிப்பது

2005இல் கத்ரீனா கரை கடந்த பத்து நாட்களுக்குள் காங்கிரஸ் இரண்டு தவணையாக 6,230 கோடி டாலர் ஒதுக்கியது. 2012 அக்டோபர் 29இல் வந்த சாண்டி புயலுக்கு, வெள்ளக் காப்பீட்டுக்கான 970 கோடி 2013 ஜனவரி 6இலும் மற்ற 5,050 கோடி 2013 ஜனவரி 29இலும்தான் சட்டமாயின. புத்தாண்டு நாளில் நடந்திருக்க வேண்டிய வாக்கெடுப்பைச் சபாநாயகர் ஜான் பெய்னர் கைவிட்டதும், நியூஜெர்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி தன் கட்சிக்காரரான அவரையே வெளிப்படையாகச் சாடினார். அந்த 5,050 கோடி மசோதா பிரதிநிதிகள் சபையில் 241க்கு 180 என்று நிறைவேறியபோது ஆதரித்த குடியரசுக் கட்சியினர் 49 பேர் மட்டுமே.

'நிவாரணத்தை எதிர்த்தார்' என்று ஒருவரைச் சொல்வதற்கு முன் அந்த மசோதாவில் வேறென்ன இருந்தது என்று பாருங்கள். 2017இல் ஹார்வி புயலுக்கான 1,525 கோடி டாலர், கடன் உச்சவரம்பு உயர்வோடும் தற்காலிக பட்ஜெட்டோடும் ஒரே மசோதாவாக வந்தது. வெள்ளத்தில் மூழ்கிய டெக்சாசிலிருந்தே நான்கு குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் அதை எதிர்த்து வாக்களித்தார்கள். 'மசோதாவில் சம்பந்தமில்லாத செலவு' என்ற குற்றச்சாட்டையும் வரிவரியாகச் சோதியுங்கள். சாண்டி மசோதாவைப் பற்றி டெக்சாஸ் செனட்டர் டெட் குரூஸ் அப்படித்தான் சொன்னார். அடுத்த புயலைத் தாங்கும்படி கடற்கரையையும் சுரங்கப்பாதையையும் கட்டும் பணம் பல ஆண்டுகளில் மெதுவாகத்தான் செலவாகும். மெதுவாகச் செலவாவதாலேயே அது அவசரமற்றது ஆகிவிடாது.

அந்தத் தடுப்புப் பணத்துக்கு ஏன் குரல் குறைவு என்பதற்கு ஹீலி, மல்ஹோத்ரா என்ற அரசியல் ஆய்வாளர்கள் இருவரின் 2009 ஆய்வு விடை தருகிறது. புயலுக்குப் பின் தரும் நிவாரணத்துக்கு வாக்காளர்கள் வாக்காகப் பரிசளிக்கிறார்கள். முன்கூட்டிச் செய்யும் தடுப்புக்கு அளிப்பதில்லை. அரசியல்வாதிகள் இதை நன்றாக அறிந்திருக்கிறார்கள்.

ஃபெமா கஜானா

பேரிடர் நிவாரண நிதியின் மாதாந்திர அறிக்கையை ஃபெமா வெளியிடுகிறது. ஜூலை, ஆகஸ்ட் அறிக்கைகளைத் தவறவிடாதீர்கள். அமெரிக்க நிதியாண்டு செப்டம்பர் 30இல் முடிகிறது. சூறாவளிகள் உச்சத்தில் இருப்பதும் அதே சமயம்தான். இருப்பு கரைந்தால் ஃபெமா உயிர்காக்கும் செலவுக்கு மட்டும் பணம் விடும். 2023 ஆகஸ்டிலும் 2024 ஆகஸ்டிலும் அப்படி நடந்தது. அப்போது புதுப் புயலின் மீட்புப் பணி நிற்காது. இரண்டு மூன்று ஆண்டுக்கு முந்தைய புயலில் இடிந்த பள்ளியின் கட்டுமானம்தான் நிற்கும். கேமராக்கள் போய்விட்ட ஊர்கள் என்பதால் அந்த நிறுத்தம் செய்தியாவதில்லை.

வீட்டுவசதித் துறைப் பணம்

நீண்டகால மறுகட்டுமானத்துக்கான பெரிய தொகை ஃபெடரல் வீட்டுவசதித் துறை வழியாக வருகிறது. இதற்கு நிரந்தரச் சட்டம் இல்லை. ஒவ்வொரு முறையும் காங்கிரஸ் தனியாக ஒதுக்க வேண்டும். அதன்பின் பங்கீடு, அரசிதழ் அறிவிக்கை, மாநிலத்தின் செயல்திட்டம், ஒப்புதல், ஒப்பந்தம் என்று வரிசையாகப் போகும். எந்தப் படியில் சிக்கியிருக்கிறது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மரியா புயல் தாக்கிய போர்ட்டோ ரிக்கோவுக்கான தடுப்பு நிதி அறிவிக்கையை 2019 செப்டம்பர் 4க்குள் வெளியிடச் சட்டமே சொல்லியும் துறை அந்தக் கெடுவைத் தவறவிட்டது.

செயல்திட்டத்தில் தொகையைவிடச் சூத்திரத்தை உற்றுப் பாருங்கள். கத்ரீனாவுக்குப் பின் லூசியானா, புயலுக்கு முந்தைய வீட்டு மதிப்பு, பழுதுச் செலவு இரண்டில் எது குறைவோ அதையே மானியத்துக்கு அடிப்படையாக வைத்தது. வீட்டு மதிப்பு குறைந்த கறுப்பினப் பகுதிகளில், அதே சேதத்துக்குக் குறைந்த பணம் வந்தது. டெக்சாஸ் 2021இல் ஹார்வி தடுப்பு நிதியில் ஏறக்குறைய 100 கோடி டாலரைப் பிரித்தபோது ஹூஸ்டன் நகரத்துக்கு ஒரு டாலரும் இல்லை. பயன்பெறுவோரை உள்ளாட்சியின் மொத்த மக்கள்தொகையால் வகுத்து மதிப்பெண் போட்டதால் பெருநகரம் தானாகவே பின்தங்கியது. இது பாகுபாடு என்று வீட்டுவசதித் துறை 2022இல் கண்டறிந்தது. இப்படிப்பட்ட வகுத்தல்களைக் கருத்துக் கேட்பு காலத்திலேயே பிடித்தாக வேண்டும். சாண்டிக்குப் பின் அந்தக் காலம் வெறும் 7 நாளாகச் சுருக்கப்பட்டது.

உறவினர் அங்கே இருந்தால்

நியூஜெர்சி, ஹூஸ்டன் பக்கம் உறவினர் இருப்பவர்கள் சொல்லி வைக்கலாம். தனிநபர் உதவிக்கு அறிவிப்பிலிருந்து பொதுவாக 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 2024 நிதியாண்டின் உச்சவரம்பு வீட்டுக்கு 42,500 டாலர், மற்ற தேவைகளுக்கு இன்னொரு 42,500. அது உச்சவரம்பு; பெரும்பாலோர் கைக்கு வருவது அதைவிட மிகக் குறைவு. ஹெலீனின்போது '750 டாலர்தான் மொத்த உதவி' என்று பரவியது பொய். அது உடனடித் தேவைக்கான முதல் தொகை. மறுப்புக் கடிதம் வந்தால் விட்டுவிடாமல், காரணத்தைப் படித்து 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தின் தீர்வுக் கடிதம் இல்லாததுபோல, ஒரு தாள் குறைந்ததாலேயே பல மறுப்புகள் வருகின்றன. காப்பீடு கொடுத்த அதே சேதத்துக்கு ஃபெமா மறுபடி தராது. தந்துவிட்டால் பின்னால் திருப்பிக் கேட்கும். அதனால் எந்தப் பணத்தை எந்தப் பழுதுக்குச் செலவழித்தோம் என்று ரசீதோடு வைத்திருக்க வேண்டும்.