பேலியோவில் எடை நின்றுவிட்டதா? தேங்காயிலிருந்து தேடுங்கள்

பேலியோ என்றால் மாவுச்சத்தைக் குறைத்து மீன், முட்டை, காய், கொழுப்பு என்று சாப்பிடும் முறை. கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம் இருப்பவர்களுக்கு அதைத் தொடங்குவது பெரிய காரியமே இல்லை. சாளையும் (மத்தி) அயலையும் (கானாங்கெளுத்தி) வாசலுக்கே வரும், முருங்கை வீட்டுக்குப் பின்னால் நிற்கும், தேங்காய்க்குக் கேட்கவே வேண்டாம். சோற்றையும் மரச்சீனியையும் (மரவள்ளிக்கிழங்கு) விட்ட முதல் வாரமே இரண்டு மூன்று கிலோ இறங்கிவிடும், பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன இப்படி மெலிஞ்சு போனீங்க, சுகர் ஏதும் இருக்கா?" என்று கேட்பார்கள், நமக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை. அப்புறம் மூன்றாவது நான்காவது மாதத்தில் ஒருநாள் எடை நின்றுவிடும். நான் 92 கிலோவில் தொடங்கினேன், 81 கிலோவில் நின்றது, ஆறு வாரம் அசையவே இல்லை. அந்த ஆறு வாரத்தில் பார்க்காமல் விட்டதையும், பிறகு எந்த வரிசையில் பார்த்தேன் என்பதையும் சொல்கிறேன்.

முதலில், நின்றது உண்மைதானா என்று பாருங்கள். ஆரம்பத்தில் சட்டென்று இறங்கியதில் பெரும்பகுதி தண்ணீர். ஈரலிலும் தசையிலும் சேர்த்துவைத்திருக்கும் மாவுச்சத்து, கிராமுக்கு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரையும் பிடித்துவைத்திருக்கும், அது கரையும்போது தண்ணீரும் கூடவே போகிறது. அந்த வேகத்தை மனதில் வைத்துக்கொண்டு, பத்து நாள் குறையவில்லை என்று பதறுகிறவர்கள்தான் அதிகம். முந்தின நாள் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டால் மறுநாள் ஒரு கிலோ கூடிக் காட்டும். அது கொழுப்பு இல்லை, உப்பு பிடித்துவைத்த நீர். மாதவிடாய்க்கு முந்தின நாட்களிலும், மலச்சிக்கல் இருந்தாலும் இப்படித்தான். அதனால் காலையில் எழுந்து கழிவறை போய்விட்டு வந்து, எதுவும் குடிக்காமல், தரையில் ஒரே இடத்தில் மெஷினை வைத்து நின்று பாருங்கள். ஏழு நாள் எடையைக் கூட்டிச் சராசரி போட்டு, வாரத்துக்கு வாரம் அந்தச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். தொப்புளுக்கு நேராக டேப்பும் வையுங்கள். நான்கு வாரம் இரண்டுமே அசையாவிட்டால்தான் நின்றிருக்கிறது என்று அர்த்தம். இடுப்பு குறைந்துகொண்டிருந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், செய்வதை அப்படியே செய்யுங்கள்.

இன்னொன்று. 165 செ.மீ உயரக்காரர் 60 கிலோவுக்கு வந்துவிட்டால் அவருடைய பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 22. நம்மைப் போன்ற இந்தியர்களுக்கு 23-க்கு மேல் போனால்தான் அதிக எடை என்கிறார்கள். அவருக்கு எடை நிற்கிறது என்றால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது, அவ்வளவுதான்.

சரி, உண்மையிலேயே நின்றுவிட்டது. எல்லாரும் உடனே செய்வது, இருக்கிற கொஞ்சக் காய்கறியையும் குறைப்பது. நானும் அதைத்தான் செய்தேன், கேரட்டைத் தள்ளினேன், வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஏனென்றால் பிரச்சினை மாவுச்சத்தில் இல்லை, 'கொழுப்பு எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்' என்று நான் நம்பியதில்தான். ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை வைத்து ஒரு வருடம் நடத்திய ஆய்வு 2018-இல் வந்தது. மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோவும், கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் இழந்தார்கள், சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. லோ கார்பில், அதாவது மாவுச்சத்து குறைந்த சாப்பாட்டில், பசி அடங்குகிறது, அதனால் குறைவாகச் சாப்பிடுகிறோம், அதுதான் அதன் பலம். பசி அடங்கின பிறகும் பழக்கத்துக்காகச் சாப்பிட்டால் அந்தப் பலன் போயிற்று.

ஒரு கிச்சன் தராசு வாங்குங்கள். மூன்று நாள், மூன்றே நாள், வாயில் போவதை எல்லாம் எடை போட்டு எழுதுங்கள், அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் இருக்கட்டும். நினைவில் வைத்து எழுதினால் பிரயோஜனம் இல்லை. 1992-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஓர் ஆய்வில், 'நான் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், எடை குறையவில்லை' என்று சொன்னவர்களை அளந்து பார்த்தார்கள். சாப்பிட்டதில் ஏறக்குறைய பாதியை அவர்கள் கணக்கிலேயே சொல்லவில்லை. பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை, நானும் அந்த ரகம்தான்.

என் கணக்கு இது. காலையில் பேலியோக்காரர்களின் வழக்கப்படி நூறு பாதாம், சுமார் 700 கலோரி. தொவரன் (தேங்காய் போட்ட பொரியல்), அவியல், மீன் கூட்டான் (குழம்பு) எல்லாவற்றிலும் சேர்த்து என் பங்குக்குத் தேங்காய் 120 கிராம், அது 425. வறுக்கவும் தாளிக்கவும் தேங்காய் எண்ணெய் என் பங்குக்கு நான்கு மேசைக்கரண்டி, ஒன்றுக்கு 120 வீதம் 480. கூட்டினால் 1600. இதில் இன்னும் ஒரு துண்டு மீன்கூட வரவில்லை, முட்டை வரவில்லை! அம்மாவிடம் கேட்டால் "ஒரு கொஞ்சம் தேங்காய்தானே மக்களே போட்டேன்" என்பாள். எங்கள் ஊரில் கொஞ்சம் என்றால் அரை முறி. 92 கிலோவில் இருந்தபோது அந்த அளவு சாப்பிட்டும் குறைந்தது, ஏனென்றால் அந்த உடம்புக்குச் செலவு அதிகம். பதினொரு கிலோ, அதாவது ஒரு பத்துக் கிலோ அரிசிப் பையைவிடக் கூடுதலான சுமையை, இறக்கி வைத்துவிட்டு நடக்கிற உடம்புக்கு அதே சாப்பாடு போதுமானதைவிட அதிகம்.

எடை போட்டுப் பார்த்ததில் கலோரி சரியாகத்தான் இருக்கிறது என்றால், ஒளிந்திருக்கும் மாவுச்சத்தைத் தேடுங்கள். சர்க்கரை இல்லாத சாயாதானே என்று நான்கு தடவை குடித்தால், அந்தப் பாலிலேயே 20 கிராம் வந்துவிடும். அண்டிப்பருப்பை (முந்திரி) பாதாம் மாதிரி அள்ளித் தின்பவர்கள் உண்டு, நம் மாவட்டத்தில் அது வீட்டுக்கு வீடு கிடைக்கும். ஆனால் நூறு கிராமில் 30 கிராம் மாவுச்சத்து. ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, தேங்காய் எண்ணெயில் பொரித்தது என்பதால் அது பேலியோ ஆகிவிடாது. மார்த்தாண்டம் தேனும் அப்படித்தான், எவ்வளவு நல்ல தேனாக இருந்தாலும் ஒரு மேசைக்கரண்டியில் 17 கிராம் சர்க்கரை. வெந்நீரில் தேன் கலந்து குடித்தால் கொழுப்பு கரையும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். ஹோட்டல் மீன் பொரித்ததில் அரிசி மாவோ கார்ன்ஃப்ளவரோ இருக்கும். களியக்காவிளை எல்லையைத் தாண்டிக் கேரளாவுக்குப் போய்க் கள்ளு குடிக்கிறவர்கள், புளித்தாலும் அதில் இனிப்பு மிச்சம் இருக்கும், சாராயச் சத்துக்குக் கிராமுக்கு 7 கலோரி தனி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் வைக்கும் மரச்சீனியை நீங்கள் தொடவில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோனைச் சிறுநீரில் காட்டும் கீட்டோன் ஸ்டிரிப்பில் கலர் வருகிறதே, அப்படியானால் கொழுப்பு எரிகிறதுதானே என்று கேட்பார்கள். எரிவது நீங்கள் தின்ற தேங்காய் எண்ணெயாகவும் இருக்கலாம். வயிற்றில் இருக்கிற கொழுப்புதான் என்று அந்தக் கலர் சொல்லாது, அந்தக் காசுக்கு சாளை வாங்குங்கள்.

இதற்கும் விடை கிடைக்காவிட்டால் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஸ்டீராய்டு, வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட், மனநல மருந்துகளில் ஒலான்சபின், மிர்டசபின் போன்றவை எடையைக் கூட்டக்கூடியவை. சர்க்கரை நோய்க்குத் தரும் இன்சுலினும் கிளிமெபிரைடும் அப்படியே, அவற்றில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: சாப்பாட்டில் மாவுச்சத்து குறைந்தும் மருந்து பழைய அளவிலேயே இருந்தால் சர்க்கரை தாழ்ந்துபோய்க் கை நடுங்கும், உடனே இனிப்பு தின்ன வேண்டிவரும், அந்த இனிப்பு உங்கள் கணக்கில் வராது. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்கள் லோ கார்ப் இருக்கிறோம் என்று டாக்டரிடம் சொல்லாமல் இருக்கவே கூடாது, ரத்தத்தில் சர்க்கரை அதிகம் ஏறாமலே கீட்டோஅசிடோசிஸ் (கீட்டோன் கூடி ரத்தம் அமிலமாவது) வரும் ஆபத்து உண்டு. எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சோர்வு, முடி உதிர்வு, குளிர் தாங்காமை இருந்தால் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பாருங்கள். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுகிறீர்களா, சாயாவோடா என்று பாருங்கள். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போகிற பெண்கள் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ராத்திரி ஐந்து மணி நேரம்தான் தூங்குகிறீர்கள் என்றால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள், தூக்கம் கெட்ட மறுநாள் பசி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

காரணம் இதுவாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள், எடை குறைந்தாலும் எதனால் குறைந்தது என்று தெரியாமல் போய்விடும். ஒன்றை மாற்றுங்கள், இரண்டு வாரம் பொறுங்கள், சராசரியைப் பாருங்கள், அப்புறம் அடுத்தது. நான் முதலில் பாதாமை நூறிலிருந்து முப்பதாக்கி இரண்டு முட்டை சேர்த்தேன். எடை கொஞ்சம் அசைந்தது. அடுத்த இரண்டு வாரம் தேங்காயை 40 கிராமாக்கி, வறுத்த மீனுக்குப் பதில் புளிமுளம் (புளியும் மிளகாயும் போட்ட மீன் குழம்பு) வைக்கச் சொன்னேன், மீனின் அளவைக் குறைக்கவில்லை, கூட்டத்தான் செய்தேன், புரதம் குறைந்தால் தசைதான் கரையும். அந்தப் பதினைந்து நாளில் ஒன்றரைக் கிலோ போனது.

முன்பு மூன்று பேருக்கு ஒரு நாளைக்கு ஒரு தேங்காய் உடைத்த வீட்டில் இப்போது ஒரு தேங்காய் இரண்டு நாள் வருகிறது. அம்மா மட்டும், தொவரனைப் பார்த்தால் காய்ச்சல்காரனுக்கு வைத்தது மாதிரி இருக்கிறது என்கிறாள்.