எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பின்: "வாந்தி சகஜம்" என்பதும் வேறு சில தவறுகளும்

எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அவ்வப்போது கூடிப் பேசும் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். எனக்கு நடந்தது பைபாஸ், அதாவது இரைப்பையின் மேல்பக்கம் ஒரு சின்னப் பையை மட்டும் விட்டு அதைக் குடலோடு நேரே இணைக்கும் ஆபரேஷன். அது பழைய கதை. இப்போது புதிதாக வருபவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, டயட்டீஷியன் கொடுத்த தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று விளக்குவதுதான் என் வேலை மாதிரி ஆகிவிட்டது. முகங்கள் மாறுகின்றன, தவறுகள் மாறுவதில்லை. பாதி நானும் செய்தவைதான்.

இனிப்பைக் குறையுங்கள், பொரித்ததைத் தொடாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டே செய்கிற தவறுகள் சில இருக்கின்றன, அவற்றைத்தான் சொல்கிறேன். உங்கள் ஆபரேஷன் குழு இதிலிருந்து மாறுபட்டு ஏதாவது சொல்லியிருந்தால் அவர்கள் சொன்னபடியே செய்யுங்கள். உங்கள் வயிற்றைப் பார்த்தவர்கள் அவர்கள்.

வலி இல்லை, அதனால் ஆறிவிட்டது என்று நினைப்பது

சின்னச் சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷன் என்பதால் வெளியே தழும்பு பெரிதாக இருக்காது. இரண்டாவது வாரமே நடமாட ஆரம்பித்துவிடுவோம். ஸ்லீவ், அதாவது இரைப்பையை நீளவாக்கில் வெட்டிக் குழாய் போலாக்கும் ஆபரேஷன் செய்தால், இரைப்பையில் 75 முதல் 80 சதவீதம் வரை எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது அப்படி எடுக்கப்பட்ட பகுதியில்தான். அதனால் பசியும் இல்லை, வலியும் இல்லை. உள்ளே ஸ்டேப்ளர் போட்டு மூடிய நீளமான கோடு ஒன்று வீக்கத்தோடு இருக்கிறது என்பது மட்டும் மறந்துபோகும்.

சுமார் இரண்டு வாரம் திரவம், பிறகு மசித்தது, பிறகு மிருதுவானது, ஆறு முதல் எட்டு வாரத்தில் சாதாரணச் சாப்பாடு. ஏறக்குறைய எல்லா மருத்துவமனைகளும் இந்த வரிசையில்தான் போகின்றன, நாள் கணக்கு கொஞ்சம் முன்பின் இருக்கும். பத்தாவது நாளில் ஒரு துண்டு கோழியைச் சாப்பிட்டுவிட்டு "ஒன்றும் ஆகவில்லையே" என்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். ஒன்றும் ஆகாததுதான் அவர்களுக்கு நேர்ந்த கெட்ட நேரம். அடுத்த முறை இரண்டு துண்டாகும்.

முதல் சில வாரங்களில் நாடித்துடிப்பு ஓய்விலும் 120ஐத் தாண்டுகிறது, காய்ச்சல், மூச்சு வாங்குகிறது, இடது தோளில் காரணம் தெரியாத வலி. இவற்றில் எது வந்தாலும் இரவா பகலா என்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தையல் கசிவாக இருக்கலாம்.

சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம் என்றதைத் தண்ணீரே வேண்டாம் என்று எடுத்துக்கொள்வது

சாப்பிடும்போது குடிக்கக் கூடாது, சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும். இதை எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். மீதி நேரமெல்லாம் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற அடுத்த வரியை விட்டுவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். ஒரே மூச்சில் குடிக்க முடியாது என்பதால் வாய் வாயாகத்தான் குடிக்க முடியும், அதற்கு நாள் முழுக்கப் பாட்டில் கையில் இருக்க வேண்டும். வீட்டுக்குப் போனவர்கள் முதல் மாதத்திலேயே திரும்பவும் அட்மிட் ஆவதற்கு நீரிழப்பு ஒரு முக்கியக் காரணம். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறதா, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாந்தியைச் சகஜம் என்று விட்டுவிடுவது

மற்றதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிவிடுவேன். இதில் மட்டும் குரல் உயர்ந்துவிடும்.

"அக்கா, எதைச் சாப்பிட்டாலும் திரும்பி வந்துடுது. ஆனா பரவாயில்லை, வெயிட் நல்லா இறங்குது."

இப்படிச் சொல்பவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. "ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், எனக்கும் இருந்தது, போகப் போகச் சரியாகிவிடும்" என்று அவரைத் தட்டிக்கொடுத்து அனுப்பிய பழைய ஆட்கள் மேல்தான் கோபம்.

எப்போதாவது வருவது வேறு. வேகமாகச் சாப்பிட்டோம், வாய் கொள்ளாமல் வைத்தோம், சரியாக மெல்லவில்லை. நெஞ்சுக்கு நடுவே ஏதோ நின்றுகொள்கிறது, விக்கல் வருகிறது, மூக்கு ஒழுகுகிறது, வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறுகிறது, அப்புறம் வெளியே வந்துவிடுகிறது. வந்ததும் நிம்மதி. அடுத்த வேளை சரியாகப் போகிறது. இதைப் பார்க்காதவர் எங்கள் குழுவில் யாருமில்லை. மெதுவாகச் சாப்பிட்டால் இது நின்றுவிடும்.

தினமும் வருவது அப்படி அல்ல. தண்ணீர்கூட நிற்காமல் வருவதும் அல்ல. முதல் மாதம் நன்றாக இறங்கிக்கொண்டிருந்த சாப்பாடு அதற்குப் பிறகு அடைக்க ஆரம்பித்து, முதலில் கெட்டியானது, பிறகு மசித்தது, பிறகு திரவம் என்று ஒவ்வொன்றாக நிற்காமல் போனால், பைபாஸில் குடலை இணைத்த வாய் சுருங்கியிருக்கலாம், அல்லது ஸ்லீவ் குழாய் ஓரிடத்தில் குறுகியோ மடங்கியோ இருக்கலாம். புண்ணாகவும் இருக்கலாம். இணைத்த வாய் சுருங்கியிருந்தால் பெரும்பாலும் எண்டோஸ்கோப்பி வழியாகப் பலூனை விட்டு விரித்துவிடுகிறார்கள், பலர் அன்றே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். இவ்வளவு எளிதில் தீரக்கூடிய ஒன்றைத்தான் "சரியாகிவிடும்" என்று வாரக்கணக்கில் தள்ளிப்போடுகிறோம்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தையமின் என்கிற வைட்டமின் பி1ஐ உடம்பால் அதிகம் சேமித்து வைக்க முடியாது. உள்ளே போவது நின்றால் இருப்பு இரண்டு மூன்று வாரத்தில் கரைந்துவிடும். ஏற்கெனவே சாப்பாடு கொஞ்சம்தான். அதுவும் வாந்தியில் போகிறது, மாத்திரையும் கூடவே போகிறது. சர்க்கரையை எரித்துச் சக்தியாக்க மூளைக்கும் நரம்புகளுக்கும் தையமின் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் முதலில் அடிபடுவது அவைதான். கால் மரத்துப்போகும், எரியும். நடை தள்ளாடும். பார்வை இரண்டிரண்டாகத் தெரியும். ஞாபகம் குழம்பும். கண், நடை, ஞாபகம் மூன்றையும் தாக்கும் இந்த மூளைப் பாதிப்புக்கு வெர்னிக்கே என்று பெயர். ஆபரேஷனுக்குப் பிறகு இது வருவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள், அதுவும் விடாமல் வாந்தி எடுத்தவர்களுக்கு. அந்த நேரத்தில் எடை மளமளவென்று இறங்கிக்கொண்டிருப்பதால் சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் பாராட்டிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் குழுவுக்கு ஒரு தம்பியை அவன் அக்கா கூட்டிக்கொண்டு வந்தாள். ஸ்லீவ் செய்து இரண்டாவது மாதம். நாற்காலியிலிருந்து எழுந்தவன் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கால்களை அகல வைத்து நடந்தான். சோர்வு என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும்தான். உணவு அட்டவணையை நீட்டியபோது ஒரு கண்ணை மூடிக்கொண்டு படித்தான். ஏன் என்று கேட்டேன். "ரெண்டு ரெண்டா தெரியுதுக்கா, கண்ணாடி மாத்தணும் போல" என்றான். தினமும் வாந்தி எடுப்பதை சர்ஜனிடம் அவன் சொல்லவே இல்லை. தப்பாகச் சாப்பிட்டாய் என்று திட்டுவார் என்ற பயம். உடம்பு தளர்ந்தபோது பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்குக்குப் போய் குளுக்கோஸ் மட்டும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். ஒரு முறை அல்ல.

தையமின் இல்லாத உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏற்றுவது ஆபத்து. மிச்சமிருக்கும் கொஞ்சத்தையும் அந்தச் சர்க்கரை இழுத்துக்கொள்ளும். அன்றைக்கே அவனைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று அங்கே காத்திருக்கவில்லை, நேரே நரம்பு வழியாகத் தையமின் ஏற்றினார்கள். அதுதான் சரியான முறை. கண் சில நாளில் தெளிந்தது. நடை சரியாக மாதக்கணக்கில் ஆனது. பாதம் இன்னும் முழுதாக உணர்வுக்கு வரவில்லை, எதையும் போனில் எழுதி வைத்துக்கொண்டால்தான் அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. எடை குறைந்ததா என்றால், குறைந்தது.

அதனால் புதிதாக வருபவர்களிடம் நான் சொல்வது இதுதான். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட நிற்கவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவமனை. சாப்பிடுவது தொடர்ந்து இரண்டு மூன்று நாள் திரும்பி வந்தால் ஆபரேஷன் குழுவுக்குப் போன் செய்யுங்கள், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். கண், நடை, ஞாபகம் இந்த மூன்றில் எதில் மாற்றம் தெரிந்தாலும் அது அவசரம். வேறு எந்த மருத்துவமனைக்குப் போனாலும் வாசலிலேயே சொல்லுங்கள்: "எனக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன் நடந்திருக்கிறது, இத்தனை நாளாக வாந்தி, குளுக்கோஸ் போடுவதற்கு முன் தையமின் போடுங்கள்." கேட்கச் சங்கடமாக இருந்தால் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும். குழப்பம் வந்தபின் நம்மால் சொல்ல முடியாது.

சர்ஜன் திட்டுவாரே என்றால், திட்டட்டும்.

வழுக்கிக்கொண்டு இறங்குவதையே சாப்பிடுவது

கோழி நெஞ்சில் நிற்கிறது, பிஸ்கட் நிற்பதில்லை. எச்சிலில் கரைந்து சுலபமாக இறங்கிவிடுகிறது, சிப்ஸும் ஐஸ்கிரீமும் அப்படித்தான். ஒருமுறை அடைத்துக்கொண்டு அவஸ்தைப்பட்டவர் அடுத்த முறை பயந்துபோய் அந்தப் பக்கமே சாய்ந்துவிடுவார். அது ஆசையால் வருவதே இல்லை, பயத்தால் வருகிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் "கட்டுப்பாடு இல்லை" என்று திட்டுவதில் பயன் இல்லை.

ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும். சின்ன வயிற்றுக்கு அது பெரிய கணக்கு. அதனால் தட்டில் முதலில் முட்டை, மீன், பருப்பு, தயிர். இடம் மிச்சமிருந்தால் மற்றது. கோழி உலர்ந்து நார்நாராக இருந்தால்தான் அடைக்கும். ஈரப்பதத்தோடு சமைத்து, விரல்நகம் அளவுக்கு நறுக்கி, வாயில் கூழாகும்வரை மென்றால் இறங்கும். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் கரண்டியைக் கீழே வையுங்கள். இருபது முப்பது நிமிடத்துக்கு மேல் தட்டோடு உட்கார்ந்திருக்கவும் வேண்டாம்; அது கொறிப்பதாக மாறிவிடும்.

பழைய சர்க்கரை மாத்திரையை அப்படியே தொடர்வது

சாப்பாடு கால்வாசியாகிவிட்டது, மாத்திரையும் இன்சுலினும் பழைய அளவிலேயே போகிறது. சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். ரத்த அழுத்த மாத்திரைக்கும் இதே கதைதான். அளவைக் குறைக்க வேண்டியது மருத்துவர், நீங்களாக நிறுத்தக் கூடாது.

வலி மாத்திரை

பைபாஸ் செய்தவருக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் கூடாது. இணைத்த இடத்தில் புண் வரும். சிகரெட்டும் அதே வேலையைச் செய்யும்.

மது

சீக்கிரம் ஏறும், பழைய அளவு பழைய அளவு அல்ல.

கால்சியத்தையும் இரும்பையும் ஒரே வாயில் போட்டுக்கொள்வது

இரும்பு உடம்பில் சேர்வதைக் கால்சியம் தடுக்கும். இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கால்சியம் சிட்ரேட் என்று கேட்டு வாங்குங்கள். கார்பனேட் உறிஞ்சப்பட அமிலம் வேண்டும், நம் வயிற்றில் அது குறைவு. ஒரே தடவையில் 500, 600 மில்லிகிராமுக்கு மேல் போட்டால் மிச்சம் வீண்.

முடி கொட்டுவதற்கு ஷாம்பூ மாற்றுவது

மூன்றாவது மாதத்திலிருந்து கொட்டும். எடை வேகமாக இறங்கியதன் விளைவு. பெரும்பாலும் தானே நிற்கும். புரதத்தையும் இரும்பையும் பாருங்கள்.

நன்றாகத்தானே இருக்கிறேன் என்று ரத்தப் பரிசோதனையை விடுவது

முதல் வருடம் எல்லோரும் வருகிறார்கள். மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதப் பரிசோதனைகள் ஒழுங்காக நடக்கின்றன. அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒருமுறைதான், அப்போதுதான் ஆளைக் காணோம். பி12 விஷயத்தில் இது நேர்மாறாக இருக்க வேண்டும். கல்லீரலில் அதன் இருப்பு வருடக்கணக்கில் வரும், அதனால் மாத்திரையை நிறுத்தினாலும் உடனே எதுவும் தெரியாது. இரண்டு மூன்று வருடம் கழித்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கும்போதுதான் கை கால் மரத்துப்போவதும் ரத்தசோகையும் எட்டிப்பார்க்கும். இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் டி, கால்சியம், கால்சிய அளவைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோன் எல்லாம் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வராமல் போனவர்களிடம் கேட்டால் நேரமில்லை என்பார்கள். கொஞ்ச நேரம் பேசவிட்டால் உண்மை வரும்: எடை திரும்ப ஏறியிருக்கிறது, டாக்டர் முகத்தைப் பார்க்க வெட்கம். இரண்டாவது வருடத்துக்குப் பிறகு கொஞ்சம் ஏறுவது பெரும்பாலானவர்களுக்கு நடப்பதுதான், அங்கே இருப்பவர்களுக்கு அது புதிதல்ல. அதையும் மீறிக் கூச்சமாக இருந்தால், எடை மெஷினில் ஏற மாட்டேன், ரத்தம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம். எங்கள் குழுவில் இருவர் அப்படித்தான் மறுபடி வர ஆரம்பித்தார்கள்.