போன நகல் திரும்பி வராது: கவுச்டிபியில் யாருக்கு எதைக் காட்டுவது

ஆளுக்கொரு போனில் தரவு இருக்க வேண்டும், நெட் கிடைக்கும்போது தானாக ஒத்துப்போக வேண்டும் என்றால் சர்வரில் கவுச்டிபி என்ற டேட்டாபேஸ் மென்பொருள், போனில் அதனோடு ஒத்துப்போகும் பவுச்டிபி என்று வைப்பது நல்ல ஏற்பாடு. கென்யா, உகாண்டா, நேபாளத்தில் கிராம சுகாதாரப் பணியாளர்கள் பயன்படுத்தும் கம்யூனிட்டி ஹெல்த் டூல்கிட் என்ற மென்பொருள் இப்படிக் கட்டியதுதான். வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பதிகிற அதுபோன்ற ஒரு செயலியை நீங்கள் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

எல்லா நோயாளிகளையும் ஒரே டேட்டாபேஸில் கொட்டிவிட்டு, யார் எதைப் பார்க்கலாம் என்று அப்புறம் பிரித்துக்கொள்ளலாம் என மட்டும் ஆரம்பிக்காதீர்கள். கவுச்டிபியில் ஒரு டேட்டாபேஸைப் படிக்க விட்டால் அதிலுள்ள அத்தனை டாகுமெண்டும் (ஒவ்வொரு பதிவும் ஒரு டாகுமெண்ட்) தெரியும், தனித்தனிப் பூட்டு கிடையாது. 'ஃபில்டர் போட்டு அவரவர் பதிவுகளை மட்டும்தானே ரெப்ளிகேட் செய்கிறோம் (போனுக்கு நகலெடுக்கிறோம்)' என்று பலர் சொல்கிறார்கள், ஆனால் அதே பாஸ்வேர்டை வைத்து ஃபில்டர் இல்லாமல் நேராகச் சர்வரைக் கேட்டால் மொத்தமும் வந்துவிடும். அதனால் ஆளுக்கொரு டேட்டாபேஸ் கொடுங்கள். கான்ஃபிகில் கவுச் பெர்யூசர் வசதியை இயக்கினால் பயனரைச் சேர்த்ததும் அவருக்கான டேட்டாபேஸை அதுவே உருவாக்கிவிடும். ஆங்கிலத்தில் ரவி (ravi) என்ற பயனருக்கு டேட்டாபேஸின் பெயர் யூசர்டிபி என்ற முன்னொட்டோடு 72617669 என்று வரும், அது அந்தப் பெயரின் எழுத்துகளை எண்களாக எழுதும் ஹெக்ஸ் வடிவம். ஊர்வாரியாகப் பகிர வேண்டுமா, ஊருக்கு ஒரு டேட்டாபேஸ், அதன் செக்யூரிட்டி ஆப்ஜெக்டில் (யாருக்கு அனுமதி என்ற அமைப்பில்) மெம்பராக ஒரு ரோல், அதாவது அந்த ஊர்ப் பணியாளர்களுக்குக் கொடுக்கும் ஒரு பொதுப் பெயர்.

எழுதுவதைக் கட்டுப்படுத்துவது இதைவிடச் சுலபம். டேட்டாபேஸின் விதிகளை வைக்கும் டிசைன் டாகுமெண்டில், எழுதும் ஒவ்வொரு பதிவையும் சரிபார்க்கும் வேலிடேட் ஃபங்ஷன் வைத்து, பதிவிலுள்ள பணியாளர் பெயரும் லாகின் செய்தவர் பெயரும் ஒன்றா என்று பாருங்கள், இல்லையென்றால் நிராகரியுங்கள். ரெப்ளிகேஷனில் வரும் பதிவுகளுக்கும் இது ஓடும்.

சர்வரைப் பொறுத்தவரை கவுச்டிபியின் 3.2.2 பதிப்புக்குக் கீழே எதையும் வைக்காதீர்கள். அதற்கு முன்பு எர்லாங் குக்கி (சர்வர்கள் ஒன்றையொன்று அடையாளம் காணும் ரகசியச் சொல்) 'மான்ஸ்டர்' என்று எல்லா நிறுவலிலும் ஒன்றாகவே இருந்தது, அதை மாற்றாமல் நெட்வொர்க்கில் திறந்து வைத்திருந்தால் வெளியாள் அட்மினாகவே நுழையலாம். கவுச்டிபியின் 5984 போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறக்காமல், பாதுகாப்பான இணைப்பை மட்டும் வாங்கி உள்ளே அனுப்பும் எச்டிடிபிஎஸ் ப்ராக்ஸியை முன்னால் வையுங்கள்.

இப்போது கடினமான பகுதி. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை நீக்கினால் இனிமேல் வருவதுதான் நிற்கும், அவர் போனில் ஏற்கெனவே இறங்கியது அங்கேயே இருக்கும். சர்வரில் டாகுமெண்டை அழித்தாலும் 'அழிந்தது' என்ற அடையாளம்தான் பரவும், அது போய்ச் சேர அந்தப் போன் மறுபடி சிங்க் ஆக வேண்டும். பர்ஜ் செய்தாலோ (அடையாளமே இல்லாமல் அடியோடு நீக்கினாலோ), அது போனுக்குப் பரவவே பரவாது. ஆகவே நோயாளி பெயர், போன் நம்பர், நோய் விவரம் மாதிரியானவற்றை அனுப்புமுன்பே என்கிரிப்ட் செய்துவிடுங்கள்: டாகுமெண்டுக்கு ஒரு சாவி, அந்தச் சாவியை அனுமதி உள்ள ஒவ்வொருவரின் பொதுச்சாவியாலும் (அது பூட்ட மட்டும் உதவும், திறக்க அவரிடமுள்ள ரகசியச் சாவி வேண்டும்) பூட்டிக் கூடவே வையுங்கள், லிப்சோடியம் என்ற என்கிரிப்ஷன் நூலகத்தின் சீல்ட் பாக்ஸ் இதற்குப் போதும். ஆள் மாறினால் அடுத்த பதிவிலிருந்து புதுச் சாவி. பூட்டிய புலத்தைச் சர்வரில் தேட முடியாது என்பதால் தேடவேண்டிய ஊர்க்குறியீடு, தேதி இரண்டை மட்டும் வெளியே விடுங்கள்.