வீட்டு ஸ்விம்மிங் பூலுக்கு ஆட்டோ டோசிங் சிஸ்டம்: ஆப்பைப் பாக்காதீங்க, ப்ரோபைப் பாருங்க

ஆட்டோ டோசிங் சிஸ்டம்னா, ப்ரோப்ங்கிற சென்சாரால தண்ணியை அளந்து குளோரினையும் ஆசிடையும் பம்ப் வெச்சு தானா ஊத்துற மெஷின். விக்கிறவங்க முதல்ல மொபைல் ஆப்பைத்தான் காட்டுவாங்க, அதை ஓரமா வெச்சுட்டு உங்க பூல் எவ்ளோ தண்ணி பிடிக்கும்னு கணக்கு போடுங்க. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.4ன்னா கிட்டத்தட்ட 45,000 லிட்டர். இதுல குளோரினை 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) ஏத்த 10% ஹைப்போ (திரவ குளோரின், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட்) 450 மில்லி போதும். நம்ம ஊர் வெயில்ல தினம் 3 பிபிஎம் போனாலும் ஒன்றரை லிட்டர் கிட்டதான் வரும், அதனால மணிக்கு ஒன்றரை லிட்டர் தள்ற பம்பே தாராளம், பெருசா வாங்குனா சென்சார் தப்பா காட்டுற அன்னைக்கு மளமளன்னு ஓவர்டோஸ் ஆயிடும்.

குளோரினை மட்டும் ஆட்டோமேட்டிக் ஆக்குறேன், ஆசிடை கையால ஊத்திக்கிறேன்னு பாதி பேர் சொல்றாங்க, தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. பிஎச் (தண்ணியோட அமில-கார அளவு) 7.2ல இருந்தா குளோரின்ல மூணுல ரெண்டு பங்கு கிருமியைக் கொல்ற வடிவத்துல இருக்கும், 8க்கு ஏறிட்டா கால்வாசிதான். ஹைப்போவே காரம்கிறதால ஊத்த ஊத்த பிஎச் ஏறும், அதை இறக்கத்தான் ஆசிட். பட்ஜெட் இடிச்சா முதல்ல பிஎச் பம்ப் (ஆசிட் ஊத்துறது) வாங்குங்க, குளோரின் அப்புறம் பாத்துக்கலாம்.

குளோரினுக்கு வீட்டு மாடல்ல பெரும்பாலும் ஓஆர்பி ப்ரோப்தான் (தண்ணியோட ஆக்சிஜனேற்றத் திறனை மில்லிவோல்ட்ல காட்டுறது) வரும், 650ல இருந்து 750 மில்லிவோல்ட்டுக்குள்ள செட் பண்ணுவாங்க. அது குளோரின் அளவை நேரா அளக்காது. இத்தனை நாளா டிசிசிஏ மாத்திரை (ஒரு வகை குளோரின் மாத்திரை) போட்டுட்டு இருந்தீங்கன்னா தண்ணியில சயனூரிக் ஆசிட் (வெயில்ல குளோரின் அழியாம காக்குறது) சேர்ந்திருக்கும், அது கூடக் கூட ரீடிங் இறங்கும், மெஷின் குளோரின் பத்தலன்னு நெனச்சு ஊத்திக்கிட்டே இருக்கும். அதனால முதல்ல சயனூரிக் டெஸ்ட் எடுங்க, 50 பிபிஎம்க்கு மேல போயிருந்தா கொஞ்சம் தண்ணியை வடிச்சு புதுசு விடுங்க, வேற குறுக்குவழி இல்ல. திறந்தவெளி பூலுக்கு சயனூரிக் ஆசிட் 30 பிபிஎம் பக்கம் இருக்கட்டும், இல்லன்னா குளோரினை வெயில் சாப்பிட்டுடும்.

பம்ப்ல பெரிஸ்டால்டிக் டைப் (ட்யூபை உருளையால அமுக்கித் தள்றது) எடுங்க. ஹைப்போ கேஸ் விடும், உறிஞ்சுற ட்யூப்ல குமிழ் வரிசையா ஏறுறது கண்ணுக்கே தெரியும், டயாஃப்ரம் பம்ப் (சவ்வு அசைஞ்சு தள்றது) அதுல கேஸ் லாக் ஆகி சும்மா டிக் டிக்னு அடிச்சுட்டு நிக்கும். பெரிஸ்டால்டிக்ல உள்ள இருக்கிற ட்யூப் தேயும், தட்டையாகி அமுக்கினா திரும்ப எழும்பலன்னா மாத்திடுங்க.

ஃப்ளோ ஸ்விட்ச் (தண்ணி ஓடலன்னா டோசிங்கை நிறுத்துறது) இல்லாத சிஸ்டத்தை இலவசமா குடுத்தாலும் வாங்காதீங்க. பூல் மோட்டார் நின்ன அப்புறமும் டோசிங் ஓடுனா ஆசிடும் ஹைப்போவும் பைப்புக்குள்ள கலந்து குளோரின் கேஸ் ஆயிடும், மறுபடி மோட்டார் போட்டதும் அது குளிக்கிற பிள்ளைங்க மேல வரும். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல ஊத்துனா தானா நின்னு அலாரம் அடிக்கிற வசதியும் வேணும். பிளம்பர்கிட்ட ஊசி பாயிண்டுக்கு (கெமிக்கல் பைப்புக்குள்ள போற இடம்) முன்னாடி ப்ரோப், ஊசி பாயிண்ட் ஃபில்டருக்கு அப்புறம், ரெண்டு கெமிக்கலுக்கும் நல்ல இடைவெளின்னு தெளிவா சொல்லிடுங்க.

ப்ரோப் ஒரு வருஷத்துல இருந்து ரெண்டு வருஷம்தான் வரும், காஞ்சா செத்துடும். தனி ப்ரோப் என்ன விலை, உங்க ஊர்ல ஸ்டாக் இருக்கா, கேலிப்ரேஷன் பண்ற (ப்ரோப் காட்டுற அளவை சரிபாக்குற) திரவம் கிடைக்குமா, இதை அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே கேளுங்க. எந்த மாடல் வாங்குனாலும் வாரம் ஒருதரம் டெஸ்ட் கிட்ல பாருங்க, ஆசிட் கேனையும் ஹைப்போ கேனையும் ஒரே அலமாரியில வெக்காதீங்க.