பெருவில் நண்பர்களோடு 3 வாரம்: முதுகுப்பையோடு முதல் தடவை கிளம்புகிறவர்களுக்கு

பெரு நாட்டுக்கு முதல் தடவை போகிற கூட்டங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கோட்டை விடுகின்றன. லிமாவில் இறங்கியதும் அடுத்த விமானத்தைப் பிடித்துக் குஸ்கோவுக்குப் போய்விடுகிறார்கள். லிமா கடலோரம், குஸ்கோ 3,400 மீட்டர். ஒன்றரை மணி நேரத்தில் அவ்வளவு உயரத்துக்குப் போனால் அன்று இரவே கூட்டத்தில் யாருக்காவது மண்டையிடியும் வாந்தியும் வரும். மறுநாள் மலையேற்றத்துக்கோ முன்பணம் கட்டியாகிவிட்டது. அதனால் இந்தப் பயணத்துக்குத் தூரத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள், உயரத்தை வைத்துப் போடுங்கள்.

படி 1: ஆட்கள், மாதம், ஆவணங்கள்

நான்கு பேர் என்பது கச்சிதமான எண்ணிக்கை. ஒரே டாக்சியில் அடங்கும், விடுதியில் நான்கு கட்டில் அறையை முழுசாக எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாவது ஆள் சேர்ந்தால் ஒவ்வொரு தடவையும் இரண்டு டாக்சி.

மே முதல் செப்டம்பர் வரை மலைப்பகுதியில் மழை இல்லாத காலம். பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும், இரவு பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். ஜூன் 24 அன்று குஸ்கோவில் இன்டி ராய்மி திருவிழா. அந்த வாரம் விடுதி வாடகை எகிறும். ஜனவரி, பிப்ரவரி வேண்டாம். மண்சரிவில் சாலைகள் அடைபடும். மலைமேல் இருக்கும் பழைய இன்கா நகரமான மாச்சு பிச்சுவுக்கு நடந்து போகும் இன்கா நடைபாதையையே பிப்ரவரியில் மூடிவிடுகிறார்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களிடம் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஷெங்கன் இவற்றில் ஏதாவது ஒன்றின் விசா இருந்து, அது இன்னும் குறைந்தது 6 மாதம் செல்லுபடியானால், பெருவுக்குத் தனி விசா தேவையில்லை. இல்லாதவர்கள் டெல்லியில் உள்ள பெரு தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கூட்டத்தில் ஒருவருக்கு மட்டும் விசா வேலை பாக்கியிருந்தால் அவருக்கு முடிந்த பிறகே எல்லோருக்கும் விமானச் சீட்டு போடுங்கள். அமெரிக்கா வழியாகப் போகிற விமானம் மலிவாகத் தெரியும்; ஆனால் அங்கே விமானம் மாறுவதற்கே விசா வேண்டும்.

பலர் மறப்பது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இது பெருவுக்குள் நுழைய அல்ல, இந்தியா திரும்ப. மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் பெரு இருப்பதால், சான்று இல்லாமல் வந்து இறங்கினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க முடியும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

படி 2: வழியை உயரப்படி அடுக்குங்கள்

லிமாவில் 2 இரவு. அங்கிருந்து தெற்கே கடலோரமாகப் பராகாஸ் 1 இரவு, இகா ஊரை ஒட்டிய மணல்மேட்டுச் சோலையான உவாகச்சினா 1 இரவு. இதுவரை உயரப் பிரச்சினையே இல்லை. இகாவிலிருந்து இரவுப் பேருந்தில் அரெகிப்பா, 2,335 மீட்டர். கிட்டத்தட்ட ஊட்டி உயரம்தான். இங்கே 3 இரவு தங்குங்கள். ஊரும் அழகு, வெள்ளை எரிமலைக் கல்லில் கட்டியது. உடம்புக்கும் அவகாசம் கிடைக்கும்.

அடுத்து கோல்கா பள்ளத்தாக்கு. அரெகிப்பாவிலிருந்து சிவாய் வழியாகக் கபனாகோண்டே போக 5, 6 மணி நேரம். நடுவில் பேருந்து 4,910 மீட்டர் கணவாயைத் தாண்டும். அங்கே இறங்கிப் படம் எடுக்கலாம், ஓடிப் பிடித்து விளையாடக் கூடாது. கபனாகோண்டே 3,287 மீட்டர், அங்கே 1 இரவு. மறுநாள் பள்ளத்தாக்குக்குள் இறங்கி, சுமார் 2,200 மீட்டரில் இருக்கும் சங்காயே சோலையில் இன்னொரு இரவு. திரும்பி ஏறுவது ஆயிரம் மீட்டருக்கு மேல் செங்குத்து. விடிவதற்கு முன், 5 மணிக்குள் தலைவிளக்கோடு கிளம்புங்கள். 8 மணிக்கு மேல் பாதையில் நிழலே கிடையாது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் கட்டாயம். முடியாதவர்களுக்குக் கோவேறு கழுதை கிடைக்கும், ஆனால் முந்தின இரவே சொல்லி வைக்க வேண்டும்.

அரெகிப்பா திரும்பி ஒரு இரவு இளைப்பாறிவிட்டு, பேருந்தில் 6 மணி நேரத்தில் புனோ, 3,827 மீட்டர். டிட்டிகாகா ஏரியில் அமந்தானி தீவு வீடுகளில் ஒரு இரவு தங்கலாம். மிதக்கும் நாணல் தீவுகளான ஊரோஸ் முழுக்கச் சுற்றுலாக் கடையாகிவிட்டது. ஒரு மணி நேரம் போதும். புனோவிலிருந்து குஸ்கோ 6, 7 மணி நேரம். இந்த வழியில் வந்தால் நீங்கள் குஸ்கோவுக்குச் சற்றே கீழே இறங்கித்தான் வருகிறீர்கள். நேராகப் பறந்து வந்தவர்கள் விடுதிக் கட்டிலில் கிடக்கும்போது நீங்கள் குஸ்கோவின் சான் பிளாஸ் பேட்டைப் படிகளில் ஏறிக்கொண்டிருப்பீர்கள். மீதி நாட்கள் குஸ்கோவுக்கும் மாச்சு பிச்சுவுக்கும். கடைசியில் லிமாவுக்கு விமானம்.

இப்படி அடுக்கினாலும் 3,000 மீட்டருக்கு மேல் முதல் நாள் மெதுவாகத்தான் நடக்க வேண்டும். தண்ணீர் நிறைய, சாப்பாடு குறைவாக, மது வேண்டவே வேண்டாம். உயரத்தால் வரும் நோயைத் தடுக்க அசிட்டசோலமைடு 125 மில்லிகிராம் மாத்திரை, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து காலை ஒன்று, இரவு ஒன்று என்பதுதான் வழக்கம். சல்பா வகை மருந்து ஒவ்வாதவர்கள் தொடக்கூடாது. யாராக இருந்தாலும் ஊரிலேயே டாக்டரைக் கேட்டு வாங்கி வாருங்கள். தலைவலி சாதாரணம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குடித்தவர் போலத் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ அது வேறு விஷயம். "காலையில் பார்க்கலாம்" என்று படுக்க வைக்காமல் அப்போதே டாக்சி வைத்துக் கீழே இறக்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். குஸ்கோவிலிருந்து என்றால் ஒயாந்தாய்தாம்போ என்ற ஊர் 600 மீட்டர் கீழே இருக்கிறது.

படி 3: பை

இந்த வழியில் எல்லா இடத்திலும் தங்குவதற்கு அறையும் கனமான கம்பளியும் உண்டு. ஆகவே கூடாரம், அடுப்பு, தூக்கப்பை எதுவும் வேண்டாம். சல்கந்தாய் போன்ற மலையேற்றம் போவதாக இருந்தால் குஸ்கோவில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். 45 லிட்டர் பை, மொத்த எடை 9 கிலோ. அதற்கு மேல் போனால் எதையாவது எடுத்து வெளியே வையுங்கள். சீக்கிரம் உலரும் சட்டை 4, கால்சட்டை 2, காலுறை 4 ஜோடி, ஒரு கம்பளி மேல்சட்டை, மடக்கினால் சின்னதாகிற இறகு ஜாக்கெட், மழைக்கோட்டு, தொப்பி, தலைவிளக்கு, செருப்பு. ஜீன்ஸ் ஒன்றுகூட வேண்டாம். நனைந்தால் இரண்டு நாள் உலராது. எல்லா ஊரிலும் கிலோ கணக்கில் துவைத்துக் கொடுக்கிறார்கள். நம் ஊர் மெல்லிய இரண்டு முள் சார்ஜர் அங்கே அப்படியே பொருந்தும், மூன்று முள் பொருந்தாது.

பையைத் தோளில் மாட்டுவதில் ஒரு வரிசை இருக்கிறது. அதை மாற்றிச் செய்தால் சாயங்காலம் தோள்பட்டை கழன்றுவிடும்:

1. எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட்டுப் பையை மாட்டுங்கள்.
2. இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் உட்கார வைத்து இறுக்குங்கள். வயிற்றில் அல்ல.
3. அதன் பிறகு தோள் வார்களை, பை முதுகைத் தொடும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.
4. தோளுக்கு மேலே பையின் உச்சியோடு சேரும் சிறு பட்டைகளை லேசாக இழுங்கள்.
5. கடைசியில் நெஞ்சுப் பட்டை.

சரியாக மாட்டியிருந்தால் தோள் வாருக்கு அடியில் ஒரு விரல் சுலபமாக நுழையும்; பாரம் இடுப்பில் இருக்கும். உள்ளே அடுக்கும்போது கனமான பொருள் முதுகை ஒட்டி நடுவில், லேசானது அடியில், மழைக்கோட்டு மேலே.

படி 4: பணம்

பெருவின் நாணயம் சோல், ஏறத்தாழ 25 ரூபாய். மாச்சு பிச்சு செலவைத் தனியாக வைத்துவிட்டால் ஆளுக்கு நாளைக்கு 150 முதல் 200 சோல் வரை வைத்துக்கொண்டால் நெருக்கடி இல்லாமல் ஓட்டலாம். டாலர் கொண்டு போனால் ஓரம் கிழியாத, மடிப்பு விழாத தாளாக இருக்கட்டும். துளி கிழிசல் இருந்தாலும் வாங்க மாட்டார்கள். ஏடிஎம் 100 சோல் தாளாகக் கொடுக்கும். சிற்றூரில் அதற்குச் சில்லறை கிடைக்காது என்பதால் பெரிய கடையிலேயே உடைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் சண்டை வருவது பெரும்பாலும் காசில்தான். ஆளுக்கு 200 சோல் போட்டு ஒரு பொதுப் பை வையுங்கள், ஒருவர் கையில் மட்டும். டாக்சி, தண்ணீர், கழிப்பறைக் காசு, அறை வாடகை அதிலிருந்து. சாப்பாடும் பீரும் அவரவர் காசு. சைவக்காரர் அசைவக்காரருக்குப் படியளந்தால் மூன்றாம் நாளே முகம் சுளிக்கும். பாஸ்போர்ட்டும் அட்டைகளும் அவரவரிடமே இருக்கட்டும். பதிவு பெற்ற விடுதிகளில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு விற்பனை வரி கிடையாது. பாஸ்போர்ட்டைக் காட்டி, பில்லில் வரி சேர்க்கவில்லையே என்று பாருங்கள்.

படி 5: பேருந்து

தூரப் பேருந்துகள் நன்றாகவே இருக்கின்றன. இருக்கையில் செமி காமா என்பது பாதி சாய்வு, காமா 160 டிகிரி சாய்வு. 8 மணி நேரத்துக்கு மேல் என்றால் காமா எடுங்கள். புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் நிலையக் கட்டணம். பயணச்சீட்டு தனி, பேருந்து நிலையத்துக்கு ஓரிரு சோல் தனி. அதை வேறொரு கவுன்டரில் கட்டி ரசீது வாங்கியிருந்தால்தான் வாசலில் விடுவார்கள். அரெகிப்பாவில் இரண்டு நிலையங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, சீட்டில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய பை கீழ்ப்பெட்டியில் போகும், அதற்கான சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். சிறு பையைத் தலைக்கு மேலே வைக்காதீர்கள். காலடியில் வைத்து வாரைக் காலில் சுற்றிக்கொண்டு தூங்குங்கள். ஊருக்குள் ஓடும் சிறு வேன் கோம்பி. நிறுத்தத்துக்குச் சற்று முன்பே "பாஹா" (இறங்கணும்) என்று சத்தமாகச் சொன்னால்தான் நிற்கும்.

எந்த ஊரிலும் பிளாசா தே அர்மாஸ் என்று நடுச்சதுக்கம் ஒன்று உண்டு. கூட்டம் பிரிந்து, கைபேசியும் செத்துவிட்டால் அங்கே தேவாலயப் படிக்கட்டில் சந்திப்பது என்று முதல் நாளே பேசி வையுங்கள்.

படி 6: சாப்பாடும் தண்ணீரும்

மதியம் மெனு என்று கேளுங்கள். சூப், சோறு கலந்த ஒரு தட்டு, குடிக்க ஏதாவது, 10 முதல் 15 சோல். சைவக்காரர்கள் "சின் கார்னே" (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் கோழி வந்து சேரும். கோழி, மீன் இரண்டையும் தனியாகச் சொல்ல வேண்டும்: "நி போயோ, நி பெஸ்காதோ". அப்போதும் சூப் எலும்பு வேகவைத்த தண்ணீராக இருக்கலாம். சோறு தேடும் நாக்குக்குச் சீனக் கடையான சீஃபாவில் காய்கறி அரோஸ் சௌஃபா, அதாவது வறுத்த சோறு. காரம் போதவில்லை என்றால் ரொகோத்தோ மிளகாய் கேளுங்கள், ஆனால் கொஞ்சமாகத் தொட்டுக்கொள்ளுங்கள். குடமிளகாய் மாதிரி இருந்து ஏமாற்றும்.

குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது. குஸ்கோ உயரத்தில் தண்ணீர் 88 டிகிரி சுற்றிலேயே கொதித்துவிடும் என்பதால் கொதி வந்த பிறகு 3 நிமிடம் விட வேண்டும்.

படி 7: மாச்சு பிச்சு

மே முதல் செப்டம்பருக்குள் போவதாக இருந்தால், விமானச் சீட்டு கையில் வந்ததும் செய்ய வேண்டிய அடுத்த வேலை இது. பெரு கலாச்சார அமைச்சகத்தின் தளத்திலேயே சீட்டு வாங்கலாம், வெளிநாட்டவருக்கு 152 சோல். 2024 ஜூனிலிருந்து மூன்று சுற்றுப்பாதைகள். முதலாவதில் மேலிருந்து பார்ப்பதோடு சரி, ஊருக்குள் இறங்க முடியாது. இரண்டாவதில் அந்தப் புகழ்பெற்ற காட்சியும் கிடைக்கும், இடிபாடுகளுக்குள்ளும் நடக்கலாம். முதலில் தீர்ந்துபோவதும் அதுதான். மூன்றாவது கீழ்ப்பகுதி. நான்கு பேருக்கும் ஒரே பாதை, ஒரே மணி என்று பார்த்து வாங்குங்கள். பெயரும் எண்ணும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

இணையத்தில் தீர்ந்துவிட்டால் மலையடிவார ஊரான அகுவாஸ் காலியெந்தேஸில் மறுநாளுக்கு 1,000 சீட்டு வரை நேரில் விற்கிறார்கள். முதலில் வரிசை எண் வாங்கி, அப்புறம் பணம் கட்ட வேண்டும். நெரிசல் மாதத்தில் ஒரு நாள் கூடுதலாகத் தங்க நேரலாம்.

ஒயாந்தாய்தாம்போவிலிருந்து ரயில் 2 மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்கும், விலைதான் அதிகம். மலிவான வழி, குஸ்கோவிலிருந்து வேனில் 6, 7 மணி நேரம் நீர்மின் நிலையம் இருக்கும் இத்ரோஎலெக்ட்ரிக்கா வரை, அங்கிருந்து தண்டவாளத்தை ஒட்டி 10 கிலோமீட்டர் நடை. சமதளம்தான், இரண்டரை முதல் 3 மணி நேரம். வேன் தாமதமானால் கடைசி ஒரு மணி நேரம் இருட்டில் நடக்க நேரும். தலைவிளக்கை மேலாகவே வையுங்கள். ரயில் ஊதினால் தண்டவாளத்தை விட்டு விலகி நில்லுங்கள், சுரங்கத்துக்குள் நுழையாதீர்கள். ஊரை நெருங்கும்போது சுரங்கத்துக்கு முன்னாலேயே ஆற்றோரப் பாதை பிரிகிறது. முழங்கையையும் கணுக்காலையும் மூடிக்கொள்ளுங்கள். கண்ணுக்கே தெரியாத பூச்சி கடித்து ஒரு வாரம் அரிக்கும்.

பெரிய பையைக் குஸ்கோ விடுதியிலேயே விட்டுச் செல்லுங்கள். 40 × 35 × 20 சென்டிமீட்டருக்கு மேல் உள்ள பையோடு உள்ளே விடமாட்டார்கள். நுழைவாயிலுக்கு வெளியே மட்டும்தான் கழிப்பறை. வெளியே வந்தால் மறுபடி நுழைய முடியாது, அதனால் முதலிலேயே போய்விட்டு வாருங்கள்.

படி 8: திரும்பும் வழி

பெருவில் சாலை மறியலும் வேலைநிறுத்தமும் சொல்லாமல் வரும். 2023 ஜனவரியில் போராட்டத்தால் மாச்சு பிச்சுவையே மூடினார்கள். குஸ்கோவிலிருந்து லிமா வந்த அன்றே வீட்டுக்கு விமானம் ஏறும்படி வைக்காமல் நடுவே ஒரு இரவு விடுங்கள்.

லிமா விடுதியில் பையை முழுக்கக் கவிழ்த்துப் பாருங்கள். மலையில் மென்று தின்னக் கொடுத்த கோக்கா இலை, கோக்கா டீப் பொட்டலம், கோக்கா மிட்டாய் எது இருந்தாலும் அங்கேயே போட்டுவிடுங்கள். பெருவில் அது பெட்டிக்கடைச் சரக்கு. இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வழக்கு.