தெரியாத ஆளுக்குப் பழைய பொருள் விற்கும்போது: வன்னிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்தோ தமிழ்நாட்டு முகாமிலிருந்தோ வந்து கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் குடியேறுகிறவர்கள் சில மாதத்திலேயே எதையாவது விற்க வேண்டி வரும். கப்பலில் வந்த சாமான்களுள் வீட்டுக்குள் நுழையாத குளிர்சாதனப் பெட்டி, சித்தப்பா விட்டுவிட்டுப் போன லான்ட்மாஸ்டர் என்ற இரு சக்கர உழவு இயந்திரம், கிணற்றுக்குப் பொருந்தாத தண்ணீர் இறைக்கும் இயந்திரம் என்று ஏதாவது ஒன்று. ஊருக்குள் விற்றால் சிக்கல் குறைவு. வாங்குகிறவரின் படலை எது என்று தெரியும். மீதிக் காசு அறுவடைக்குப் பிறகு என்றாலும் போய்க் கேட்கலாம். ஆனால் இணையத்தில் விளம்பரம் போட்டால் மாத்தளையிலிருந்தும் காலியிலிருந்தும் அழைப்பு வரும். ஊரைவிட விலையும் கூடக் கிடைக்கும். இந்தக் குறிப்பு அந்த அழைப்புகளுக்கானது.

நான் 2016-இல் ஜேர்மனியிலிருந்து வந்தவன். 2022-இல் ஒரு நாளில் 13 மணி நேரம் வரைக்கும் மின்சாரம் நின்ற காலத்தில் ஒரு ஜெனரேற்றர் வாங்கினேன். மின்வெட்டு ஓய்ந்ததும் அது விறாந்தையில் தூசி பிடித்துக் கிடந்தது. 85,000 ரூபாய் என்று விளம்பரம் போட்டேன். அழைத்தவர் பேரம் பேசவில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். "அண்ணை, எந்த ஊர்?" என்றுதான் முதலில் கேட்டார். அக்கராயன் என்றேன். "அட, என்னுடைய சித்தி ஸ்கந்தபுரத்தில்தான் இருக்கிறார். நான் புதுக்குடியிருப்பு. இப்போது தொழிலுக்காகக் குருநாகலில் இருக்கிறேன்" என்றார்.

வன்னியில் இந்தக் கேள்வியைச் சும்மா கேட்பதில்லை. திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்த சனம். எந்த ஊர், எந்த முகாமில் இருந்தீர்கள், எந்தப் பள்ளிக்கூடம் என்று மூன்று கேள்வியில் இன்னாருடைய பிள்ளை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். நேரில் கேட்டால் அது நல்ல அளவுகோல்தான். தொலைபேசியில் அதே பதிலை யாரும் சொல்லலாம். பெருமூச்சுவிட்டு இரண்டு ஊர்ப்பெயர் சொன்னால் புதிதாக வந்த நம்மைப் போன்றவர்கள் உருகிவிடுகிறோம். இங்கேயே இருந்தவர்கள் அவ்வளவு எளிதில் உருகுவதில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அவர் வங்கியின் வைப்புச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினார். என் பெயர், கணக்கு இலக்கம், 85,000, வங்கி முத்திரை எல்லாம் சரியாக இருந்தன. கைத்தொலைபேசியில் கணக்கைத் திறந்தேன். அங்கும் தொகை கூடியிருந்தது. அன்றிரவே தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றும் லொறியில் ஜெனரேற்றரை ஏற்றிவிட்டேன். திங்கட்கிழமை போயா என்ற பௌர்ணமி விடுமுறை, வங்கி பூட்டு. செவ்வாய்க்கிழமை அந்த 85,000 கணக்கிலிருந்து கழிந்திருந்தது. அவர் போட்டது பணமல்ல, காசோலை. அந்தக் காசோலைக்குரிய கணக்கில் பணம் இருக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சீட்டின் ஓரத்தைப் பிடித்திருந்த அவருடைய பெருவிரல், காசோலை இலக்கம் எழுதும் இடத்துக்கு மேல் சரியாகப் படுத்திருந்தது.

வங்கிக் கணக்கில் இரண்டு தொகைகள் காட்டப்படும். ஒன்று மொத்த மீதி, மற்றது இப்போதே எடுக்கக்கூடிய மீதி. இன்னும் பணமாக மாறாத காசோலையும் மொத்தத்தில் சேர்ந்து நிற்கும். நான் பார்த்தது மேலே இருந்த மொத்தத்தை. நீங்கள் எடுக்கக்கூடிய மீதியைப் பாருங்கள். சந்தேகமென்றால் வங்கிக்குப் போய்க் கேளுங்கள், அல்லது அந்தத் தொகையை உங்களுடைய இன்னொரு கணக்குக்கு மாற்றிப் பாருங்கள். மாறினால் அது உங்கள் காசு. படம், குறுஞ்செய்தி, முத்திரை எதுவும் காசு அல்ல. வங்கியின் பெயரில் வரும் குறுஞ்செய்தியைக்கூடப் போலியாக அனுப்ப முடியும்.

ஆகவே விலை பேசும்போதே எதைப் பணம் என்று ஏற்பீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். என் கணிப்பில் தூரத்து ஆளுக்குச் சிறந்தது வங்கியிலிருந்து வங்கிக்கு உடனடி மாற்றம். 2015-இல் வந்த சிஃப்ட்ஸ் என்ற முறையில் பெரும்பாலான வங்கிகளுக்கிடையே இரவிலும் போயாவிலும் பணம் சில நொடிகளில் வந்துவிடும். அதற்கு முந்தைய ஸ்லிப்ஸ் முறையும் இன்னும் இருக்கிறது. அதில் பணம் தொகுதி தொகுதியாக, வங்கி நாட்களில்தான் நகரும். எனவே "அனுப்பிவிட்டேன்" என்று அவர் உண்மையே சொல்லியிருக்கலாம், உங்களுக்கு வராமலும் இருக்கலாம். காத்திருங்கள்; அதில் அவமரியாதை ஒன்றுமில்லை. உங்கள் வங்கியின் ஏதாவது கிளையில் அவர் நோட்டாகக் கட்டுவதும் நல்லதுதான், கணக்கில் உடனே தெரியும். காசோலை வேண்டவே வேண்டாம்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: யூபிஐ பழக்கத்தில் தொலைபேசி இலக்கம் மட்டும் கொடுத்துப் பழகியிருப்பீர்கள். இங்கே கணக்கு இலக்கம், பெயர், வங்கி, கிளை கேட்பார்கள். அவற்றைக் கொடுக்கலாம். பணம் பெறுவதற்கு அதற்குமேல் எதுவும் தேவையில்லை. "உங்களுக்கு ஓர் இரகசிய இலக்கம் வந்திருக்கும், சொல்லுங்கள்" என்று கேட்டால் அவர் அனுப்பப் போகிறவர் அல்லர், எடுக்கப் போகிறவர்.

கூடுதலாகப் போட்டுவிட்டேன் என்கிறவர்களும் உண்டு. 85,000-க்குப் பதிலாக 1,35,000 விழுந்துவிட்டதாம், லொறிக்காரனுக்குக் கொடுக்க 50,000-ஐ ஈஸி கேஷில், அதாவது கைத்தொலைபேசி வழியாகப் பணம் அனுப்பும் சேவையில், திருப்பி அனுப்பச் சொல்வார்கள். முதலில் விழுந்தது காசோலையாக இருக்கும். நீங்கள் அனுப்புவது மட்டும் உண்மையான காசு.

அடையாள அட்டைப் படம் கேட்டு வாங்குங்கள். அது ஆளுக்குச் சாட்சி ஆகாது, ஆனால் பொய்யைச் சில வேளை காட்டிக்கொடுக்கும். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று இலக்கம் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணானால் அந்த நாளோடு 500 கூட்டியிருப்பார்கள். 12 இலக்கப் புதிய அட்டையில் ஆண்டு நான்கு இலக்கம், மற்றபடி அதே கணக்கு. ஒருமுறை கட்டைக் குரலில் பேசிய ஒருவர் படம் அனுப்பாமல் இலக்கத்தை மட்டும் எழுதி அனுப்பினார். நடுவில் 612 இருந்தது. ஏப்ரல் 21-இல் பிறந்த ஏதோ ஒரு பெண்மணியின் அட்டை. கேட்டதும் தொடர்பைத் துண்டித்துவிட்டார்.

மோட்டார் சைக்கிள், உழவு இயந்திரம் என்றால் இன்னொரு படி இருக்கிறது. பதிவுப் புத்தகத்தையும் ஒப்பமிட்ட படிவங்களையும் காசு வந்த பிறகே கொடுங்கள். வாங்குகிறவரின் பெயரும் திகதியும் எழுதாத வெற்றுப் படிவத்தில் ஒப்பமிடும் வழக்கம் நாடு முழுக்க இருக்கிறது. நீங்கள் அதில் சேர வேண்டாம். வண்டி விபத்தில் மாட்டினால் பொலிஸ் தேடி வருவது பதிவில் இருக்கும் பெயரை. விற்றவர் பங்குக்கு அறிவிக்க எம்.டி.ஏ. 8 என்ற படிவம் உண்டு, அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு நீங்களே அனுப்பிவிடுங்கள். 2009-இல் பத்திரமெல்லாம் தொலைந்த வண்டியாக இருந்தால் அதைச் சீராக்காமல் தூரத்துக்கு விற்கவே முயலாதீர்கள்.

ஆள் நேரில் வருவதானால் வீட்டு முகவரி கொடுக்காமல் வங்கி வாசலில் சந்திக்கலாம். போன வருடம் என் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தை வாங்க அம்பாறையிலிருந்து ஒருவர் பஸ்ஸில் வந்தார். பையில் பாதிக் கடலைச் சரை. முறிகண்டியில் பஸ் நின்றபோது வாங்கினாராம். ஓட்டோவில் கொண்டுவந்த இயந்திரத்தை வெளியே இயக்கிக் காட்டினேன், பிறகு இருவரும் உள்ளே போனோம். காசாளரின் எண்ணும் இயந்திரம் ஓர் ஐயாயிரம் ரூபாய் நோட்டை இரண்டு தடவை வெளியே தள்ளியது. காசாளர் அதை வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறிப் பறவையைத் தேடிப் பார்த்துவிட்டு, நல்ல நோட்டுத்தான், ஈரம் பட்டிருக்கிறது என்றார். வந்தவர் முகம் வியர்த்துப் போயிருந்தது.

வெளியே வந்ததும் நான் இயந்திரத்தைத் தூக்கிக் கொடுக்கப் போனேன். அவர் கையை நீட்டவில்லை. "ஒரு துண்டு எழுதித் தாருங்கள் ஐயா. நீங்களும் எனக்குத் தெரியாத ஆள்தானே" என்றார். வைப்புச் சீட்டின் பிரதியின் பின்புறத்தில் இயந்திரத்தின் இலக்கம், தொகை, திகதி, இருவருடைய அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் எழுதி ஒப்பமிட்டுக் கொடுத்தேன். இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.